மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வேலை நகராது

மே மாசத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு வேலூரில் ஒருவர் வேலையைத் தள்ளிப்போட்டால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். வெளியே அனல் அடிக்கிறது, ஃபேன் அதே அனலைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது. ஆனால் மார்கழிக் காலையில் எழுந்து பார்த்தாலும் அதே வேலை அதே இடத்தில்தான் கிடக்கிறது. "அப்பால பாத்துக்கலாம்" என்று சொல்ல நமக்கு வெயில் ஒன்றும் தேவைப்படுவதில்லை.

தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றி நாம் பேசிக்கொள்ளும்போது ஒரு வரிசையை வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம்: முதலில் மனசு வரும், அப்புறம் வேலை ஆரம்பிக்கும். பெரும்பாலான நேரங்களில் நடப்பது இதற்குத் தலைகீழ். வேலை கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் மனசே அந்தப் பக்கம் திரும்புகிறது. இந்த வரிசையை மாற்றி வைத்துப் பார்த்தால் மற்றதெல்லாம் ஓரளவு எளிதாகப் புரியும்.

இது சோம்பேறித்தனம் இல்லை

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பா காலமாகி ரெண்டு வருஷம் ஆகிறது. நிலத்தின் பட்டா இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. மகன் வேலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். காலையில் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா ஆரம்பிப்பார்.

"டேய், அந்தப் பட்டா விசயம் இன்னாடா ஆச்சு?"

"பாக்கறேம்மா. அடுத்த வாரம் தாலுக்கா ஆபீஸ் போறேன்."

"போன தீபாவளிக்கும் இதே அடுத்த வாரந்தான் சொன்ன."

அதே ஞாயிற்றுக்கிழமை அந்த மகன் மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பார், மாட்டுக் கொட்டகைக்கு ஓடு மாற்றுவார், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கடன் ஃபாரம் கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பார். இவரை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. பட்டா என்ற பேச்சு வந்தால் மட்டும் கை பின்னால் போகிறது.

ஏன் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பீரோவைத் திறந்து அந்தப் பையை எடுத்தால் மேலேயே அப்பாவின் கையெழுத்து. அதற்குக் கீழே கட்டிக் கொடுத்த தங்கச்சியிடம் பேச வேண்டிய பங்குப் பேச்சு. எந்த ஆபீஸில் யாரைப் பார்ப்பது, எத்தனை நாள் லீவு போடுவது, ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று எதுவும் தெரியாது. வயிற்றில் ஒரு பிசைவு. பையைத் திரும்ப உள்ளே வைத்து பீரோவைச் சாத்துகிறார். உடனே ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிதான் இங்கே ஆளைப் பிடித்து வைத்திருக்கிறது. தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத கோளாறு என்பதைவிட, அந்த நேரத்து மனநிலையைச் சரி செய்துகொள்ளும் ஒரு வழி என்று ஃபுஷியா சிரோய், டிமதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-ல் எழுதினார்கள். கசப்பான உணர்வு வருகிறது. வேலையை விட்டு விலகினால் அது போகிறது. விலகியதற்கு அந்த நிம்மதியே கூலியாகக் கிடைக்கிறது. கூலி கிடைக்கும் காரியத்தை மனுஷன் திரும்பச் செய்வான். அடுத்த முறை பீரோவைத் திறக்கும்போது பழைய கசப்போடு "இத்தனை நாள் விட்டுட்டோமே" என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் டைம் டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டியும் பலருக்கு எதுவும் மாறுவதில்லை. அவர்களுக்கு நேரம் இருக்கிறது. அந்தப் பையைத் தொடத்தான் முடியவில்லை.

தள்ளிப்போடுவது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து பியர்ஸ் ஸ்டீல் 2007-ல் வெளியிட்ட பெரிய அலசலும் இதோடு ஒத்துப்போகிறது. வேலை பிடிக்காததாக இருப்பது, பலன் ரொம்பத் தள்ளி இருப்பது, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைவது, கவனம் சட்டென்று சிதறும் சுபாவம் ஆகியவற்றோடுதான் இந்தப் பழக்கம் அதிகம் சேர்ந்து வருகிறது. பட்டா மாறுதலில் முதல் மூன்றும் இருக்கின்றன. நாலாவதற்குக் கையில் போன் இருக்கிறது.

ஓட்டம் எப்படிப் பிடிக்கிறது

ஆரம்பித்த வேலைக்கு ஓர் இழுப்பு உண்டு. 1920-களில் பெர்லினில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரின் மாணவிகள் இரண்டு பேர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதியில் நிறுத்திய வேலை, முடித்த வேலையைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார் ப்ளூமா ஸைகார்னிக் (1927). இது ரொம்பப் பிரபலமாகிவிட்டது. ஆனால் பிற்பாடு செய்த சோதனைகளில் அந்த முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் மரியா ஒவ்சியான்கினா செய்ததுதான் நமக்கு வேண்டியது. அவர் ஆட்களுக்குப் புதிர் மாதிரிச் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்து, நடுவில் நிறுத்திவிட்டு, சும்மா இருக்க விட்டார். யாரும் சொல்லாமலேயே பெரும்பாலானவர்கள் விட்ட இடத்துக்குத் தாங்களாகவே திரும்பிப் போனார்கள். பரிசு கிடையாது, மிரட்டல் கிடையாது. தொட்ட வேலை கூப்பிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று, முடிவு கிட்ட வர வர வேகம் கூடுவது. வெறும் வேகம் மட்டுமல்ல, "ஏற்கெனவே கொஞ்சம் தூரம் வந்துவிட்டோம்" என்ற நினைப்பே ஆளை இழுத்துக்கொண்டு போகிறது. அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் இடத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 8 கட்டம். எட்டும் நிரம்பினால் ஒரு முறை இலவசம். மீதிப் பேருக்கு 10 கட்டம், ஆனால் இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்தியிருந்தது. கணக்குப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் எட்டு முறை வந்தாக வேண்டும். முதல் கூட்டத்தில் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம். இரண்டாவது கூட்டத்தில் 34 சதவீதம். ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இது. வியாபாரிகள் இதைப் படித்துவிட்டு நம்மிடம் என்ன செய்கிறார்கள் என்பது தனிக் கதை. நாமும் இதை நமக்கே செய்துகொள்ளலாம்.

நகர்ந்ததைப் பார்க்கும் சந்தோஷமும் உண்டு. தெரேசா அமாபில், ஸ்டீவன் கிராமர் என்ற இருவர் 238 ஊழியர்களைத் தினமும் நாட்குறிப்பு எழுதவைத்து, சுமார் 12,000 பதிவுகளைப் படித்தார்கள். நல்ல நாள் என்று தோன்றிய நாட்களில் மற்ற எதையும்விட அதிகமாகத் தென்பட்டது, முக்கியமான வேலையில் கொஞ்சமாவது முன்னே போயிருந்தது. 

செயல் முதலில், மனநிலை பிறகு என்ற இதே வரிசையை மன அழுத்த நோய்க்கான சிகிச்சையிலும் 1970-களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். இதைச் சொல்லும்போது கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் குளிக்கவோ சாப்பிடவோகூடப் பிடிக்கவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, எதிலும் ருசி இல்லை என்றால் அது தள்ளிப்போடும் பழக்கம் இல்லை. "கொஞ்சம் சுறுசுறுப்பா இரு" என்ற அறிவுரை அங்கே உதவாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். சின்ன வயசிலிருந்தே எதிலும் கவனம் நிற்காதவர்களும் ஒரு முறை காட்டிக்கொள்வது நல்லது.

பையை எடுத்து வெளியே வைப்பதிலிருந்து

மறுபடி அந்த மகனிடம் வருவோம். "பட்டா மாத்தணும்" என்று அவர் மனசில் வைத்திருப்பது ஒரு வேலையே இல்லை, அது ஒரு குவியல். குவியலை யாராலும் ஆரம்பிக்க முடியாது. முதல் வேலை எதுவாக இருக்க வேண்டும் என்றால், அதைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். அவருக்கு அது, பையை பீரோவிலிருந்து எடுத்து டிவி பக்கத்தில் வைப்பது. அன்றைக்கு அவ்வளவே போதும்.

மறுநாள் பத்திரத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் எங்கே இருக்கின்றன என்று தேடி ஒரு துண்டுத் தாளில் எழுதுவது. பழைய பத்திரம் என்றால் எழுத்து மங்கியிருக்கும், நான்கெல்லை விவரத்துக்கு நடுவில் எண் ஒளிந்திருக்கும்; அதற்கே கால் மணி நேரம் ஆகலாம். எண் கிடைத்துவிட்டால் கை சும்மா இருக்காது என்பதைத்தான் ஒவ்சியான்கினா சொன்னார். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று அரசின் நில ஆவண இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் தளத்தில் பார்க்கலாம். ஆபீஸ் வாசலை மிதிக்காமலேயே பாதிப் பயம் இங்கே தெளிந்துவிடும். ஏனென்றால் பாதிப் பயம், என்ன இருக்கிறது என்று தெரியாததால் வந்தது.

இப்போது பட்டியல் எழுதலாம். முதல் நாளே எழுத வேண்டாம் என்பேன். வெறும் பட்டியலைப் பார்த்தால் பையைப் பார்த்த அதே பிசைவு வரும். ரெண்டு மூணு காரியம் முடிந்த பிறகு எழுதி, முடிந்ததையும் அதில் சேர்த்து டிக் போட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் எடுத்தாச்சு, சர்வே எண் எழுதியாச்சு, அப்பாவின் இறப்புச் சான்று கையில் இருக்கு. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கணும், தங்கச்சிகிட்ட பேசணும். ஐந்து வரியில் மூன்று ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. கார் கழுவும் அட்டையில் குத்தி வைத்த இரண்டு முத்திரை இதுதான்.

கஷ்டமான வேலையை முதலில் முடி என்று ஒரு அறிவுரை ஊரெல்லாம் சுற்றுகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு அது சரி. மாட்டிக்கொண்டு நிற்கிறவரிடம் போய் "முதல்ல தங்கச்சிகிட்ட பேசு" என்றால் அவர் திரும்பவும் மோட்டாரைக் கழற்றப் போய்விடுவார்.

நேரமும் இடமும் முடிவு செய்யட்டும்

நம்ம பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அரசுத் தேர்வுக்காக லோயர், ஹையர் அடிக்கும் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு பேட்ச் உள்ளே போவதைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, போன மாசம் முழுக்க உட்கார்ந்த அதே மெஷின் முன்னால் உட்கார்ந்து, பேப்பரை உருளையில் சொருகி, நேர் பார்த்து, மார்ஜின் வைத்து, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று விரல் இறங்கிவிடுகிறது. இன்றைக்கு மூட் இருக்கிறதா என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. வீட்டில் புத்தகத்தைத் தொடாத பையன்கூட அந்த ஒரு மணி நேரம் ஒழுங்காக அடிக்கிறான். காரணம் அவனுடைய மன உறுதி இல்லை. நேரம், நாற்காலி, முதல் அசைவு மூன்றும் முன்பே முடிவானவை.

இதை வீட்டில் செய்துகொள்ள ஒரு எளிய வழியை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டினார். "இந்த வாரம் படிக்கணும்" என்று சொல்லாமல், "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு வேலையை முடிச்சுப் போட்டுவிட வேண்டும். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இதைப் பற்றிய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் சும்மா நினைத்துக்கொண்டவர்களைவிடத் தெளிவாக முன்னால் இருந்தார்கள். டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் கணக்கு நோட்டைத் திறப்பேன். காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், திருவலம் தாண்டியதும் குரூப் 4 புத்தகத்தை எடுப்பேன். "காலையில்" என்று சொன்னால் காலை ரொம்ப நீளம். திருவலம் ஒரே ஒரு முறைதான் வரும்.

25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையையும் நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980-களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. நல்ல முறைதான். ஆனால் ரொம்ப நாள் தொடாமல் விட்ட வேலைக்கு முதல் நாளே 25 நிமிஷம் அதிகம். ஐந்தில் ஆரம்பிக்கலாம்.

எங்கே நிறுத்துகிறோம் என்பது

ஆரம்பிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஓட்டம் அறுவது பெரும்பாலும் நிறுத்தும் இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். குடியாத்தத்தில் லுங்கித் தறியிலோ ஆரணியில் பட்டுத் தறியிலோ நீளவாக்கில் ஏற்றிய இழைகளான பாவு தீரும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கடைசி இழை வரை நெய்து தறியைக் காலி செய்வதில்லை. இழைகள் நுழைந்து வரும் விழுதிலும் அச்சிலும் கோத்த இழைகளின் வால் அப்படியே நிற்க, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய நுனியோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். அலுப்புப் பிடித்த வேலைதான், ஆனால் பிணைத்து முடித்து இழுத்தால் புதுப் பாவு தானாகவே விழுதைத் தாண்டி, அச்சைத் தாண்டி வந்து சேரும். பழையதை முழுக்க உருவியிருந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முதலிலிருந்து கோத்தாக வேண்டும்.

நம் வேலையிலும் இப்படி வால் விட்டு நிறுத்தலாம். ஒரு பாடத்தை முழுசாக முடித்து, புத்தகத்தை மூடி, நிம்மதியாக எழுந்தால் நாளைக்கு வெறும் தறி. அடுத்த பாடத்தில் ஒரு பக்கம் படித்து, முதல் கணக்கைப் பாதி போட்டு, பேனாவை அந்தப் பக்கத்திலேயே வைத்துவிட்டு எழுந்திருங்கள். கடைக் கணக்கு எழுதுகிறவர் இன்றைய பில்களை முடித்ததும் நாளைய முதல் பில்லை எடுத்து தேதியை மட்டும் எழுதி வைக்கலாம். மாசாந்திர ஜி.எஸ்.டி. 3பி கணக்கு 20-ஆம் தேதி கெடு என்றால், ஒன்றாம் தேதியே ஒரு பில்லையாவது நம் கணக்கு நோட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தை அரைகுறையாக விட்டு வைப்பது 18-ஆம் தேதி ராத்திரிப் பதற்றத்தைக் கணிசமாகக் குறைக்கும். நேரமே இல்லை என்றால், "அடுத்து செய்ய வேண்டியது இது" என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்தால்கூடப் போதும்.

இதில் ஒரு ஏமாற்று ஓட்டமும் உண்டு. மேசையைத் துடைப்பது, நாலு கலர் பேனாவில் அட்டவணை போடுவது, "எப்படிப் படிப்பது" என்று வரிசையாக வீடியோ பார்ப்பது. கை ஓடுகிறது, மனசுக்கும் நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் பை இன்னும் பீரோவில் இருக்கிறது. சின்ன வேலை என்று நாம் எடுப்பது, பெரிய வேலையின் ஒரு துண்டாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவினால் பட்டா நகராது.

நடுவில் அறுந்தால்

அறுந்துதான் போகும். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வந்தால் அந்தச் சுற்று வட்டாரத்தில் யார் புத்தகத்தைத் திறக்கப் போகிறார்கள்? கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதற்கு ஆதாரம் கிடையாது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவும் 96 பேரைத் தினமும் ஒரு சின்ன காரியம் செய்யவைத்துப் பார்த்தபோது, அது தானாக நடக்கும் நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. நடு அளவு 66 நாள். அதைவிட ஆறுதலான விஷயம், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

தவறிய மறுநாள் பலர் செய்வது, விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் பிடிக்கப் பார்ப்பது. நாலு நாள் பாடத்தை ஐந்தாம் நாள் ஒரே மூச்சில் படிக்கத் திட்டம் போட்டால், அது திரும்பவும் குவியலாகிவிடும். திருவிழா முடிந்த மறுநாள் வேலை, முதல் நாள் வேலையைவிடக்கூடச் சின்னதாக இருக்கட்டும். பேனா வைத்த பக்கத்தைத் திறந்து, பாதியில் நிற்கும் அந்த ஒரு கணக்கை முடிப்பது மாதிரி.

வேலை நம் கையை விட்டு அடுத்தவர் கைக்குப் போகும்போதும் ஓட்டம் நிற்கும். இது பட்டா மாதிரி விஷயங்களில் நிச்சயம் வரும். விண்ணப்பம் போட்டாகிவிட்டது, இனி அவர்கள் பார்க்க வேண்டும் என்று விட்டால் ஆறு மாசம் ஓடிவிடும். இ-சேவை மையத்தில் கொடுக்கும் ரசீதில் விண்ணப்ப எண் இருக்கும். அதை அங்கேயே போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டரில் ரெண்டு வாரம் தள்ளி ஒரு தாளில் அந்த எண்ணை எழுதிவிடுங்கள். அன்றைய தாளைக் கிழிக்கப் போகிற அம்மா பார்த்துக் கேட்பார்.